வெறுங்கையோடு நடந்தவன்

போன ஞாயிற்றுக்கிழமை கொருக்குப்பேட்டையில் என்னை அடித்தார்கள்.

ஒரே அடிதான். இடது கன்னத்தில். கண்ணாடி தப்பித்தது. யாழ்ப்பாணத்தில் இதை வாசிப்பவர்கள் உடனே தந்தி அடிக்க வேண்டாம். முழுக் கதையையும் கேளுங்கள்.

கொழும்புச் சுங்க இலாகாவில் தலை நரைத்து, பென்ஷன் வாங்கிய பிறகு நான் கடல் கடந்து வேலைக்கு வந்த விஷயம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். சென்னையில் ஒரு கப்பல் ஏஜென்ட், கொழும்பு நடைமுறை தெரிந்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். எந்தச் சரக்குக்கு எந்தப் பத்திரம், எந்தப் பத்திரத்தில் யார் கையெழுத்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இது என் மனைவிக்கு ஒருநாளும் பெருமையாக இருந்ததில்லை. ஏஜென்டுக்கு இருந்தது. வந்துவிட்டேன்.

இளைய மகளின் கலியாணம் இந்தச் சம்பளத்தை நம்பி நிற்கிறது. சம்பளம் என் விசாவை நம்பி நிற்கிறது. விசாவின் நீடிப்போ, அடுத்த மாதம் போலீஸ் எழுதப்போகும் ஒரு நல்ல ரிப்போர்ட்டை நம்பி நிற்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ராயபுரத்தில் மாடி அறை. புது இடத்தைக் காலால்தான் படிக்கவேண்டும் என்பது என் கட்சி. ஞாயிறு காலை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கிடங்குகளின் ஓரமாக நடந்தால் புளி, மிளகாய் வற்றல், சணல் என்று மூக்கே வழிகாட்டும். பிறகு நிலக்கரிப் புகை. அதன் பின்னாலேயே போனேன்... கொருக்குப்பேட்டை. தண்டவாளம் முடிகிற இடத்தில் வாசற்படி ஆரம்பிக்கிறது. குழாயடியில் குடங்கள் நின்றன. கூட்ஸ் வண்டி ஒன்று போகலாமா வேண்டாமா என்று யோசித்து நின்றது. நானும் நின்றேன். இந்த வீட்டைப் பார்த்தேன், அந்த வீட்டைப் பார்த்தேன்.

இதில் என்ன குற்றம்?

தெருவுக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஒரு வாசலில் நாலு வயதுப் பெண் குழந்தை பொரி தின்றுகொண்டிருந்தது. குனிந்து கேட்டேன்.

“பிள்ளை, இது என்ன தெரு?”

குழந்தை வீரிட்டு அழுதது.

எனக்குத் தெரியாத ஒன்று அந்தத் தெருவுக்குத் தெரிந்திருந்தது. எங்கோ ஒரு பாலம் கட்டுகிறார்களாம். தூண் நிற்க மறுக்கிறதாம். குழந்தைத் தலை கேட்கிறதாம். அதற்கு ஆள் வைத்துப் பிள்ளை பிடிக்கிறார்களாம். எந்தப் பாலம், எந்த ஆறு, யார் வீட்டுப் பிள்ளை காணாமல் போனது? ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பிடிக்கிறவன் எப்படி இருப்பான் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். புதுமுகமாக இருப்பான். வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடப்பான். பேச்சு ஒரு மாதிரி இருக்கும்.

நிமிர்வதற்குள் சுற்றிக்கொண்டார்கள். முன்னால் நின்றவருக்குத் தலையில் துண்டு, கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிற தோள்.

“யார்யா நீ? எந்த வூட்ட தேடிக்கினு கீற?”

“ஒரு வீட்டையும் தேடேல்லை. சும்மா நடக்கிறன்.”

“சும்மாவா? கொருக்குப்பேட்டைல சும்மா எவன்யா நடப்பான்? நானே கூலி குடுத்தாத்தான் நடப்பேன்.”

“மலையாளத்தான் பேச்சு மாரி கீது, மாமு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மலையாள தேசத்தில் மலையாளம் பேசி மாட்டிக்கொண்டவன் உண்டா தெரியவில்லை. தமிழ் தேசத்தில் தமிழ் பேசி மாட்டிக்கொண்டவன் நான். சட்டைப்பையில் பாஸ்போர்ட் இருந்தது. எடுத்துக் காட்டினால் நான் அந்நியன் என்பது அச்சில் உறுதியாகும். எடுக்கவில்லை.

“இன்னாத்துக்குத் தகராறு? ஸ்டேஷனுக்கு இட்டுகினு போவோம். அவங்க கேட்டுக்கட்டும்,” என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர்.

நியாயமான பேச்சு. முறையான பேச்சு. எதற்கும் முறைப்படி போலீஸில் சொல்லுங்கள், சட்டத்தைக் கையில் எடுக்காதீர்கள் என்று இதே பத்தியில் உங்களுக்கு எத்தனை தடவை உபதேசித்திருக்கிறேன்? அன்று அந்தப் பெரியவரைப் பார்த்ததும் எனக்கு வேர்த்தது. ஸ்டேஷன் டைரியில், பிள்ளை பிடிக்க வந்த சந்தேகத்தில் கொண்டுவரப்பட்ட இலங்கை ஆள் என்று ஒரு வரி ஏறினால் போதும். நான் நிரபராதி என்று அடுத்த வரியில் எழுதினாலும் ரிப்போர்ட் எழுதுகிறவர் முதல் வரியைத்தான் படிப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் படித்திருப்பேன். அப்புறம் விசா? சம்பளம்? கலியாணம்?

கையெடுத்துக் கும்பிட்டேன்.

“ஐயா, போலீஸ் மட்டும் வேண்டாம். எதெண்டாலும் இஞ்சையே பேசித் தீர்ப்பம்.”

“பாத்தியா மாமு? போலீஸ்னா பயப்படறான். இவன்தான்.”

அப்போதுதான் துண்டுக்காரர் கையால் அந்த அடி.

அடுத்தது விழுவதற்குள் ஒரு மீன் கூடை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது. கூடைக்குக் கீழே கன்னியம்மா. தினமும் எங்கள் வீட்டு வாசலில் மீன் விற்பவள்.

“இன்னாங்கடா கூட்டம்... அட, நம்ம ரசீதுகாரரு.”

வந்த புதிதில் அவளிடம் மீனுக்கு ரசீது கேட்டிருந்தேன். செலவுக்குச் சான்று வைத்துக்கொள்வது என் பழக்கம். அவள் மறக்கவில்லை.

“இவரா புள்ள புடிக்கிறவரு? ராயபுரத்துல மாடி வூட்ல கீறாரு. சிலோன்காரரு. வஞ்சிரத்த அறுக்குளாங்கிறாரு, அத்தோட வுட்டாரா, ரசீது குடுங்கிறாரு. இவரு புள்ளய தூக்கினா பெத்தவ கைல ரசீது குடுத்துட்டுத்தான்டா தூக்குவாரு.”

தெரு சிரித்தது. அழுத குழந்தையும் சிரித்தது. கொழும்பில் நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். இங்கே நான் ரசீதுகாரன் என்பதால் உயிர் தப்பினேன். விசாரணை முடிந்தது, எல்லோரும் குழாயடிக்குத் திரும்பினார்கள். தீர்ப்பில் என் கன்னத்தைப் பற்றிக் குறிப்பு எதுவும் இல்லை. அடித்தவர் மட்டும் ஓர் எட்டு கிட்டே வந்தார். மன்னிப்பு என்று நினைத்தேன்.

“நெருப்புப் பெட்டி கீதா, நைனா?”

கொடுத்தேன். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு பெட்டியையும் மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும்போது கன்னியம்மா கூடவே வந்தாள்.

“மெய்யாலுமே இன்னாத்துக்கு வந்த?”

“சும்மா... இடத்தைப் பார்க்க.”

“இடத்துல இன்னா கீது பாக்க? சும்மா நடக்கறவன் இங்க ரெண்டு பேருதான். ஒண்ணு பைத்தியம், இன்னொண்ணு மப்டி போலீசு. நீ ரெண்டும் இல்ல, அதான் ஒதை. கைல எதுனா எடுத்துக்கினு போ நைனா. ஒரு கிருஷ்ணாயில் பாட்டிலு போதும். காலி பாட்டிலு கைல இருந்தா உனுக்கு வூடு கீது, வூட்ல வெளக்கு கீது, வெளக்க ஏத்த ஆளு கீதுன்னு அர்த்தம்.”

இந்தப் புத்தியை இரண்டு நாட்டுக் குடிவரவு இலாகாக்களில் ஒன்றுகூட எனக்குச் சொல்லவில்லை. பயணத்தின் நோக்கம் என்ன என்று இரண்டும் கேட்டன. எழுதிக் கொடுத்ததை நம்பி முத்திரை குத்தின. அந்த முத்திரையின் அதிகாரம் கப்பலடியோடு சரி.

இந்த வாரம் தினமும் நடந்தேன். கையில் காலி மண்ணெண்ணெய்ப் போத்தல், அதன் கழுத்தில் சணல் கயிறு, வாயில் தக்கை. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் சாலை, யானைக்கவுனி... எந்த வாசலிலும் நின்று எந்த வீட்டையும் பார்க்கிறேன். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நேற்று அதே கொருக்குப்பேட்டைத் தெருவுக்கும் போனேன். என்னை அடித்தவர் வாசலில் இருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, போத்தலைத்தான் பார்த்தார்.

“கட அந்தாண்ட கீது, நைனா. வெரசா போ, தீந்துடும்.”

இத்தனை நாளில் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் தக்கையை எடுத்துப் பார்க்கவில்லை. சுங்கத்தில் நான் அப்படி விட்டிருந்தால் பென்ஷனே கிடைத்திருக்காது.