பதினாறில் இரண்டு

பாப்பாரப்பட்டி பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மங்கை டீச்சரின் படத்தை யாரோ போட்டிருந்தார்கள். பிறந்தநாள் போலிருக்கிறது என்று வாழ்த்து எழுதப் போனேன், அதற்குள் தலைமையாசிரியர் அழைத்துவிட்டார். "மாரடைப்புங்க டீச்சர். தர்மபுரிக்குக் கொண்டுபோற வழியிலயே போயிட்டாங்க." முந்தின நாள் மதியம்தான் என் டிபன் பாக்ஸிலிருந்து ஊறுகாயை உரிமையோடு எடுத்துத் தின்றவர். பாவி மனுஷி, இப்படியா போவது?

இண்டூர்ப் பக்கத்துப் பள்ளியில் எங்கள் இருவருக்கும்தான் கணக்குப் பாடம். பின்னம் நடத்துவது அவர் என்பது எழுதாத ஏற்பாடு. அவரிடம் படித்தவர்களுக்கு அந்தக் கண்டிப்பு மறந்திருக்காது. பன்னிரண்டில் நான்கு என்று எழுதி நிறுத்தினால் அரை மதிப்பெண் போய்விடும். "சுருக்காத விடை சீவாத தலை மாதிரி, வெளிய காட்டக்கூடாது" என்பார். பையன் சரியாகத்தானே போட்டிருக்கிறான், பாவம், விடுங்கள் என்று நான் சண்டைக்குப் போவேன். "பாவம் பாத்தா அவன் நாலு பன்னெண்டுலயே கெடப்பான்" என்று சிரிப்பார்.

டீச்சரின் அப்பா இறந்தபின் பாகப்பிரிவினை வந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு புடவையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவதுதான் வழக்கம். டீச்சர் மாட்டேன் என்றார். "நானும் அந்த வூட்டுல பொறந்தவதானே?" அண்ணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். தம்பி முருகேசன்தான், அக்காவுக்கும் சமபங்கு இல்லையென்றால் நானும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நின்றார். இதை டீச்சர் என்னிடம் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

நிலம் சுலபமாகப் பிரிந்தது. கிணறு பங்காளிகளோடு சேர்ந்த பொதுக்கிணறு. பதினாறு நாளுக்கு ஒரு சுற்று, அதில் பங்காளிகளுக்குப் பத்து நாள், இவர்கள் அப்பாவுக்கு ஆறு நாள். மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் மோட்டார் போடலாம். பத்திரம் எழுதுபவருக்குக் கணக்குச் சொன்னது டீச்சர். அவருக்குக் கை சும்மா இருக்குமா? பதினாறில் ஆறு என்பது எட்டில் மூன்று, அதை மூன்றால் வகுத்தால் எட்டில் ஒன்று. ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு என்று பத்திரம் பதிவாகிவிட்டது.

அண்ணனின் நிலம் கிணற்றை ஒட்டியது. எட்டில் ஒன்று என்றால் எட்டு நாளுக்கு ஒரு நாள்தானே என்று அவர் பிடித்துக்கொண்டார். பங்காளிகளுக்கும் அது வசதியாக இருந்தது, சுற்று எட்டு நாளாக மாறிவிட்டது. முருகேசனின் காடு, அவர் பங்கு நிலம், வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. முன்பெல்லாம் முதல் நாள் தண்ணீரைக் காய்ந்த வாய்க்கால் குடித்துவிடும், இரண்டாம் நாள் தண்ணீர்தான் செடிக்குப் போய்ச்சேரும். இப்போது அந்த இரண்டாம் நாளே இல்லை. அந்தக் கோடையில் அவருடைய தக்காளி பூவோடு கருகியது.

அவர் பள்ளிக்கே வந்துவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னியேக்கா. எங்காட்டுல வந்து பாரு."

"மதிப்புக்கு ஒண்ணுதான்டா..."

"அப்ப அந்த மதிப்பக் கொண்டாந்து செடிக்கு ஊத்து."

அதோடு போனவர்தான். அக்காவோடு பேச்சே இல்லை. டீச்சர் அண்ணனிடம் கெஞ்சிப் பார்த்தார். பத்திரத்தில் இருப்பதைத்தானே செய்கிறேன் என்று அவர் கையை விரித்துவிட்டார். டீச்சர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "நான் எந்த வரியில தப்புப் பண்ணேன், சொல்லுங்க டீச்சர்" என்று என்னைக் கேட்பார். நானும் ஒவ்வொரு வரியாகப் பார்ப்பேன். ஒரு தப்பும் இல்லை. அதைச் சொல்லவே எனக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு வகுப்பில், சுருக்கிய விடைக்கு மேலே இருக்கும் பழைய பின்னத்தை அடிக்கவே கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்ல ஆரம்பித்தார்.

கடைசியில் தன்னுடைய முறையைத் தம்பியின் முறைக்கு அடுத்த நாளாக மாற்றி வாங்கினார். தன் நிலத்தை மழையை நம்பிப் போட்டுவிட்டு, தன் முறைத் தண்ணீரையும் அவனே எடுத்துக்கொள்ளட்டும் என்று தன்னிடமிருந்த மோட்டார் ரூம் சாவியைத் தம்பி வீட்டுக்கு அனுப்பினார். "பிச்சத் தண்ணி எனக்கு வேணாம்" என்று பதில் வந்தது. சாவி மட்டும் திரும்பி வரவில்லை. சில மாதம் கழித்து ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பஸ்ல போறப்ப பாத்தேன் டீச்சர், அவங்காடு பச்சையா இருக்குது. என் தண்ணிய எடுக்கறான். யாரும் கேட்டுறாதீங்க, ரோஷக்காரன், நிறுத்திருவான்." சொல்லும்போதே அழுதுவிட்டார். பேச மாட்டானா என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் வாசலைப் பார்த்தார். தம்பி வரவில்லை.

இறுதிச் சடங்கன்று பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைக் கொண்டுவந்தவர் முருகேசன்தான். போர்த்திவிட்டு, பந்தலுக்கு வெளியே நின்ற என்னிடம் வந்தார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

"இன்னிக்கு அக்கா மொறைங்க டீச்சர். காலைல மோட்டரு போடக் கை வரல. அக்காவுக்குத் தெரியாமயே அது தண்ணிய எடுத்துட்டிருந்தேன். இந்தப் போகம் முடியட்டும், போயிப் பேசலாம்னு இருந்தேங்க."

"அவங்களுக்குத் தெரியும் தம்பி."

அவர் என்னையே பார்த்தார். "தெரிஞ்சா ஏனுங்க ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நிறுத்திருவீங்கன்னு பயந்தாங்க."

மனிதர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுத அழுகையை நான் என்னவென்று சொல்ல. சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார். "மோட்டர போட்டு வுடு, செடி காயுது. இன்னிக்கு யாரு மொறையா? எங்கக்கா மொறை." பந்தலில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.

அந்தச் சொல்லுக்காகத்தான் மங்கை டீச்சர் இத்தனை காலம் காத்துக்கிடந்தார். அவர் காதில் விழவில்லை. அவருக்காக நான் கேட்டு வைத்திருக்கிறேன்.