லில்லி வளர்த்த கிருமிகள்

லில்லி ஆடு வளர்க்கவில்லை, மாடு வளர்க்கவில்லை, கிருமி வளர்த்தாள். முசரவாக்கம் போகிற வழியில் இருக்கும் அவள் ஊரின் கக்கூஸ் தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாம் ஒரு சிமெண்டுத் தொட்டியில் வந்து சேரும். உள்ளே இருக்கும் கிருமிகள் அழுக்கைத் தின்றுவிட்டால், தெளிந்த தண்ணீர் மறுபக்கம் வாழைக்குப் பாயும். தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரைப் பார்த்துக்கொள்வதுதான் பஞ்சாயத்து அவளுக்குக் கொடுத்த வேலை. அவள் அதோடு நின்றால்தானே! சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை சபையில், "தொட்டியில கீற ஜீவனுங்களுக்காகவும் ஜெபம் பண்ணுங்க ஐயா" என்று போதகரைக் கேட்டாள். அவரும் கண்ணை மூடிக்கொண்டு செய்தார், பாவம்.

அவளுக்குப் பயந்து ஊர்ப் பெண்கள் கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டிலைப் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் ஒளித்துவைத்தார்கள். அவளைக் குறை சொல்ல முடியாது. தொட்டி வருவதற்கு முன் ஊர்ச் சாக்கடை போய் முடிந்த இடம் அவள் வீட்டுச் சமையலறைதான். மழை பெய்தால் அடுப்படியில் முட்டளவு நிற்கும். தொட்டி செத்தால் மறுபடியும் அதே கதி.

இந்த நேரத்தில் மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய ஆபீசர் தொட்டியைப் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. பெரிய மனிதர் வந்தால் தெருவுக்கு இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் தூவுவது நம் ஊர் மரியாதை. பஞ்சாயத்துத் தலைவர் பூவராகவன் மூட்டை மூட்டையாக இறக்கினார்.

"தலைவரே, தொட்டிகிட்ட ஒரு சிட்டிகை உழுந்தாலும் நான் மனுசியா இருக்கமாட்டன்."

"உன் தொட்டிய எவன் தொடப்போறான்? நிம்மதியா இரும்மா."

அவர் வாக்குத் தவறவில்லை. தொட்டியைத் தொடவேயில்லை. தெருவெல்லாம் தூவினார், சாக்கடையெல்லாம் கொட்டினார், தண்ணி லாரியை வரவழைத்து எல்லாவற்றையும் கழுவிவிட்டார், பிறகு மறுபடியும் தூவினார். கழுவிய தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் கம்போடு காவல் நின்ற லில்லிக்கும் தோன்றவில்லை.

ஆபீசர் வந்தபோது தொட்டியின் பழுப்பு நுரை வெளுத்துக் கிடந்தது. லில்லி கம்பைக் கீழே போட்டுவிட்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஆபீசரோ ஆழமாக மூச்சிழுத்தார்.

"ஆஸ்பத்திரி மாதிரி மணக்குதே! யாரும்மா பாத்துக்கறது?"

"நான்தான் சார். எல்லாம் போச்சு சார். உள்ள ஒரு கிருமிகூட உயிரோட இல்ல சார்!" லில்லி வாய்விட்டு அழுதாள்.

"கேட்டீங்களா? ஒரு கிருமிகூட உயிரோட இல்லையாம்! கைதட்டுங்க!"

ஊரே தட்டியது. அவள் தோளில் சால்வை விழுந்தது. போட்டோவில் அவள் ஆனந்தக் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாள்.

பவுடர் வாசனை இரண்டொரு நாள் தாங்கியது. அப்புறம் தொட்டி தன் சொந்த வாசனையைக் காட்டிவிட்டது. கலங்கல் தண்ணீர் வழிந்து லில்லியின் வாசற்படியை எட்டியது. பூவராகவன் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தோளில் ஒரு மூட்டையோடு தொட்டிக்கு ஓடிவந்தார்.

"நாத்தம் என் வூட்டு வரைக்கும் அடிக்குது லில்லி. இன்னும் ரெண்டு மூட்டை போட்டா சரியாப்பூடும்."

லில்லி அந்த மூட்டையைப் பிடுங்கிக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இத்த வுட்டு நான் ஏந்திரிக்கமாட்டன். அந்த பக்கெட்டுல சாணி இருக்குது. போய் கரைங்க."

தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நல்லவேளை, யாரும் இல்லை. வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக் குனிந்தார்.

"கட்டி இல்லாம கரைங்க தலைவரே," என்றாள் லில்லி. "கொழந்தைங்க துன்றது."