உதடு மட்டும் அசைந்தது

அவிநாசிபாளையத்தில் நான் நடத்திய பாட்காஸ்ட் வகுப்புக்கு ஓர் அம்மா வந்தார். பனியன் கம்பெனி டெய்லர். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக, அவருடைய லைனில் தைத்த பெண் ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

"அந்தப் புள்ளைக்காக ஊரே கேக்கற மாதிரி பேசோணுங்க."

மைக்கைக் கொடுத்தேன். ஆவேசமாகப் பேசினார். கண்ணீர் வழிந்தது, உதடுகள் துடித்தன, சத்தம் மட்டும் வரவில்லை.

"சத்தமாப் பேசுங்கம்மா."

"பேசிட்டுத்தானுங்களே இருக்கறேன்?" என்றவர் சட்டென்று தொண்டையைப் பிடித்துக்கொண்டார். "லைன்ல சூப்பர்வைசருக்குக் கேக்காம வாயசைச்சே பேசிப் பழகிட்டமுங்க. கம்பெனிச் சமாச்சாரம்னாலே இப்படி ஆயிருதுங்க."

மறுபடி முயன்றார். மறுபடியும் அப்படியேதான். அழுதபடி எழுந்து போய்விட்டார்.

அந்தப் பதிவில் ஃபேன் ஓடும் சத்தம்தான் இருக்கிறது. அவர் லைன் பெண்கள் அந்த முகத்தைப் பார்த்திருந்தால் ஒரு சொல் விடாமல் புரிந்திருக்கும். நானோ குரலை மட்டும்தான் பதிவு செய்தேன்.