அட்டவணையில் இல்லாத வரி

கடலூர் செம்மண்டலத்தில் தேவசகாயம் வீடு எது என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். 'லைசென்ஸ் சார்' வீடு என்றால் உடனே கை காட்டுவார்கள். டிரைவிங் லைசென்ஸுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சிப்காட் போகும் சாலையில் சபாபதி என்பவர் நடத்தும் சின்னக் கம்பெனியில் அவர் பதினெட்டு வருஷமாக வேலை பார்த்துவந்தார். அங்கே தொடுதிரைப் பெட்டிகள் செய்வார்கள். எடைமேடைக்கு ஒன்று, ஆஸ்பத்திரி டோக்கனுக்கு ஒன்று, குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலையைக் கண்காணிக்க ஒன்று. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கும். அதை ஓட்டும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு லைசென்ஸ் வாங்கவேண்டும். அந்த லைசென்ஸில் பல எடிஷன்கள், அதாவது ரகங்கள், உண்டு. எந்தப் பெட்டிக்கு எந்த எடிஷன் பொருந்தும் என்று ஒப்பிட்டுச் சொல்வதுதான் அவர் வேலை.

ஐ.டி.ஐ. படித்துவிட்டு டி.வி. ரிப்பேர் செய்துகொண்டிருந்த மனிதர். லைசென்ஸ் ஒப்பந்தங்களின் ஆங்கிலத்தை அகராதி வைத்துக்கொண்டு காலையில் வரிவரியாகப் படித்தே கற்றுக்கொண்டார். யாரும் படிக்காத பொடி எழுத்தைத் தான் படிக்கிறோம் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. "நம்ம ஊர்ல இதைப் படிச்ச ஆளு ஒருத்தர்தான்" என்று சபாபதி வாடிக்கையாளர்களிடம் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். காதில் மட்டும் நன்றாக வாங்கிக்கொள்வார்.

சிதம்பரத்தில் தனியார் ரத்த வங்கி ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. ரத்தப் பைகள் வைக்கும் நான்கு குளிர்ப்பெட்டிகளின் வெப்பநிலையை ஒரே திரையில் காட்டவேண்டும், ஆறு டிகிரியைத் தாண்டினால் அலாரம் அடிக்கவேண்டும், டாக்டரின் போனுக்குச் செய்தி போகவேண்டும். தேவசகாயம் வழக்கம்போல் ஒப்பீட்டு அட்டவணை போட்டார். ஒரு பக்கம் சாதாரண எடிஷன். இன்னொரு பக்கம் சாதனங்களுக்கென்றே உள்ள நீண்டகால எடிஷன். பதினோரு வரிகள். பதினோராவது வரியில் இப்படி எழுதியிருந்தார்: 'சாதாரண எடிஷன் அப்டேட்டுக்காகத் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. நீண்டகால எடிஷனில் நாம் சொன்னால்தான் ஆகும்.'

கம்பெனியின் கையிருப்பில் சாதாரண எடிஷன்தான் இருந்தது. இன்னொன்றை வரவழைக்க ஆறு வாரம் ஆகும். புதுச்சேரி கம்பெனி ஒன்றும் அதே ஆர்டருக்காகப் போட்டி போட்டது.

"இந்த ஆர்டர் கைய விட்டுப் போயிடக் கூடாது, தேவு" என்றார் சபாபதி. அவ்வளவுதான் சொன்னார்.

அட்டவணையை அனுப்புவதற்கு முன் தேவசகாயம் அனுப்பும் நகலில் பதினோராவது வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தார். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. ஐந்து வாரத்துக்கு ஒருமுறை தானே போய் அப்டேட்டைத் தள்ளிவைத்துவிட்டு வந்தால் போதும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார். பத்து வரியோடு அட்டவணை சிதம்பரம் போனது. ஆர்டர் வந்தது. பெட்டியை மாட்டினார். முதல் இரண்டு தடவை ஞாபகமாகப் போய்த் தள்ளிவைத்தார். மூன்றாவது தடவை சிப்காட்டில் எடைமேடை வேலை. மறந்துபோனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாமலை நகர் மாணவர் விடுதி ஒன்றில் ரத்ததான முகாம். ரத்த வங்கியில் அன்று டூட்டி பார்த்த டெக்னீஷியன் அர்ஃபா, டாக்டரோடு முகாமுக்குப் போனாள். பரங்கிப்பேட்டைப் பெண். இருபத்தாறு வயது. பெட்டி வந்த பிறகு வெப்பநிலையைக் கையால் நோட்டில் எழுதும் வழக்கத்தை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஏதாவது ஆனால் செய்தி வரும் என்று நம்பி அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

பதினொன்று பத்துக்குப் பெட்டி தானாக அணைந்து, அப்டேட் போட்டுக்கொண்டு, திரும்ப எழுந்து பாஸ்வேர்டு கேட்டு நின்றது. பாஸ்வேர்டு போட்டால்தான் கண்காணிக்கும் புரோகிராம் ஓடும். போட ஆள் இல்லை. மதியத்துக்கு மேல் ஒரு குளிர்ப்பெட்டியின் கம்ப்ரஸர் நின்றுபோனது. மாலை ஐந்து மணிக்கு அர்ஃபா வந்து கதவைத் திறந்தாள். திரையில் பாஸ்வேர்டு கேட்டது. பழக்கத்தில் தட்டினாள். அடுத்த நொடி அலாரம் அலறியது. முப்பத்தெட்டுப் பை ரத்தம் பதினான்கு டிகிரியில் கிடந்தது. இனி அதை யாருக்கும் ஏற்ற முடியாது.

திங்கட்கிழமை காலை தேவசகாயத்துக்குப் போன் வந்தது. பஸ் பிடித்துச் சிதம்பரம் போனார். வராந்தாவில் லுங்கி கட்டிய ஒருவர் கையில் சீட்டோடு வரவேற்பறைப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "சனிக்கெழம எடுத்து வச்சிருக்கோம்னு சொன்னீங்களேம்மா? இப்ப இல்லன்னா நான் எங்க போவேன்?" புதுச்சேரிக்குப் போகச் சொன்னார்கள். அவர் வேகமாகத் தேவசகாயத்தைக் கடந்து போனார்.

பெட்டியின் பதிவேட்டைத் திறந்து பார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. 'அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட். 11:10.' பின்னால் ரத்த வங்கியின் பொறுப்பு டாக்டரம்மா நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அர்ஃபா.

"பதினொன்னுலேருந்து அஞ்சு வரைக்கும் ரெக்கார்டே இல்ல. யாராச்சும் ஆஃப் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார் டாக்டர். "இந்தப் பொண்ணு முன்னாடியே அலாரம் சத்தம் தாங்கலன்னு கம்ப்ளெயின்ட் பண்ணிருக்கா. சாவியும் இவகிட்டதான் இருந்துச்சு."

"நான் ஆஃப் பண்ணல சார்" என்றாள் அர்ஃபா. "வந்து பாத்தப்ப பாஸ்வேர்டு கேட்டுது. அது எப்படி வந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க சார்."

அவள் அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். தேவசகாயம் ஜன்னலை மூடினார், திரையில் இருந்த ஜன்னலை.

"மெஷின்ல ஃபால்ட் ஒண்ணும் தெரியல மேடம்" என்றார்.

வார்த்தைக்கு வார்த்தை அது பொய்யில்லை. மெஷின் தன் எடிஷனுக்கு விதித்தபடிதான் நடந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஆலப்பாக்கம் வருவதற்குள் சொல்வதை நிறுத்திவிட்டார்.

சபாபதியிடமும் அதையே சொன்னார். வீட்டில் மனைவி ரேகா, "முகம் ஏன் இப்படிக் கெடக்கு?" என்று கேட்டாள். வெயில் என்றார். செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், கடைக்கு பில்லிங் மெஷின் வாங்குவதாகவும் லைசென்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும் என்றும் வந்தார். தேவசகாயம் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அவர் போகும்வரை வெளியே வரவில்லை. புதன்கிழமை அர்ஃபாவை சஸ்பெண்ட் செய்த கடிதத்தின் நகல் கம்பெனிக்கு வந்தது. 'கம்பெனிப் பொறியாளரின் ஆய்வின்படி' என்று அதில் ஒரு தொடர் இருந்தது. அதைப் படித்த பிறகு அவர் கொண்டுபோன மதியச் சாப்பாடு அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

வியாழக்கிழமை மத்தியானம் அர்ஃபா போன் செய்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்து, வாசலுக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்று பேசினார்.

"சார், ஒண்ணு கேக்கணும். கோச்சிக்காதீங்க" என்றாள். குரல் தணிந்திருந்தது. "நான் கெளம்பறப்ப பூட்டற அவசரத்துல எதையாச்சும் அழுத்திருப்பனா? தெரியாம கை பட்டா ஆஃப் ஆகற மாதிரி பட்டன் எதனா இருக்கா அதுல? நாலு நாளா யோசிச்சு யோசிச்சு எனக்கே சந்தேகமா இருக்கு சார்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தப் பெண் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.

"இல்லம்மா. அப்படி பட்டன் இல்ல" என்றார். "நாளைக்கு நான் வரேன்." போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு அட்டவணைகளையும் பிரின்ட் எடுத்தார். பத்து வரி உள்ளது ஒன்று, பதினோரு வரி உள்ளது ஒன்று. திங்கட்கிழமை நகலெடுத்து வந்திருந்த பெட்டியின் பதிவை மூன்றாவது தாளாக வைத்தார். மூன்றையும் சபாபதியின் மேஜைமேல் வைத்து ஒருமுறை காட்டினார்.

"கிறுக்குப் புடிச்சிடுச்சா உனக்கு?" என்றார் சபாபதி. "இதக் கொண்டுபோயிக் குடுத்தா நாளைக்கு எவன் நம்மகிட்ட வாங்குவான்?"

"வாங்க மாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

டாக்டரம்மா மூன்று தாளையும் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இந்தக் கடைசி வரிய எடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"உங்க ஓனர் எடுக்கச் சொன்னாரா?"

அந்தக் கேள்வியில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். தேவசகாயம் மேஜை விளிம்பைப் பார்த்தபடி, "இல்ல மேடம். அவரு அப்படிச் சொல்லல" என்றார்.

டாக்டர் போன் செய்து அர்ஃபாவை வரவழைத்தார். அவள் வரும்வரை முக்கால் மணி நேரம், நாற்காலி இருந்தும் தேவசகாயம் நின்றுகொண்டே இருந்தார். அவள் வந்ததும் எல்லாவற்றையும் தேவசகாயத்தின் வாயாலேயே அவளிடம் சொல்லச் செய்தார் டாக்டர். சொன்னார். நடுவில் இரண்டு தடவை தண்ணீர் கேட்டார்.

அர்ஃபா அழவில்லை. "திங்கக்கெழமையே உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்மா."

"நேத்து நான் போன் பண்ணப்ப?"

"அப்பவும் தெரியும்."

அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "எங்க வாப்பா நாலு நாளா எங்கூட சரியாப் பேசல. நேத்து சாயங்காலம் நானே போயி, 'நான்தான் எதையோ அழுத்திட்டன் போலருக்கு வாப்பா, மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லிட்டேன். இப்ப நான் போயி, நான் பண்ணலன்னு சொன்னா அவரு எத நம்புவாரு? நீங்க வந்து சொல்லுங்க."

இருவரும் ஒரே பஸ்ஸில் பரங்கிப்பேட்டைக்குப் போனார்கள். அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவர் பின்னால். அவளுடைய தந்தை முஹம்மது இஸ்மாயில், பல வருஷம் மலேசியாவில் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஜும்ஆ தொழுதுவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். வந்தவரை உட்காரச் சொல்லி, உள்ளே பார்த்து டீ போடச் சொன்னார்.

தேவசகாயம் உட்காரவில்லை. எடிஷன், அப்டேட் என்று ஆரம்பித்தார். அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

"உங்க பொண்ணு மேல தப்பில்ல பாய். மெஷின் தானா நின்னுடும்னு எனக்கு முன்னாடியே தெரியும். அத எழுதி வச்சிருந்தேன். வியாபாரம் போயிடும்னு நானே அழிச்சேன். கேட்டப்ப பொய் சொன்னேன்."

இஸ்மாயில் மகளிடம் திரும்பி, "நீ ஏம்மா பண்ணாதத பண்ணேன்னு சொன்ன?" என்றார். அர்ஃபா உள்ளே போனாள். டீ வந்தது. "குடிங்க சார், ஆறிடப் போவுது" என்றார் அவர், விருந்தாளியிடம் சொல்வது போலவே. ஒரு வசைச்சொல்கூட அந்த வாயிலிருந்து வரவில்லை. ஏலக்காய் போட்ட அந்த டீயை விழுங்கியது போல் கஷ்டமான ஒன்றைத் தன் வாழ்நாளில் செய்ததில்லை என்று பின்னாளில் ரேகாவிடம் சொன்னார்.

ரேகாவிடம் அன்று மாலையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பொண்ணு போன் பண்ணலன்னா சொல்லிருப்பீங்களா?"

சபாபதி அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஒப்பீட்டு அட்டவணை போடும் வேலையை மட்டும் புதிதாக வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தார். தேவசகாயம் அதைக் கேட்டுத் தலையாட்டினார். ரத்த வங்கியின் பெட்டிக்கு நீண்டகால எடிஷனைக் கம்பெனி செலவிலேயே மாற்றித் தரவேண்டும் என்று டாக்டர் உத்தரவிட்டார். லைசென்ஸ் வந்துசேர ஆறு வாரம் ஆனது. அதுவரை நோட்டில் கையால் எழுதினார்கள். அர்ஃபா வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

எடிஷனை மாற்றப் போன அன்று அவள்தான் அறையைத் திறந்துவிட்டாள். அவர் வேலை செய்த இரண்டு மணி நேரமும் கை கட்டிப் பக்கத்திலேயே நின்றாள். பெட்டி எழுந்ததும் பாஸ்வேர்டு இல்லாமலே புரோகிராம் ஓடும்படி வைத்துவிட்டு, கையெழுத்துக்காகச் சர்வீஸ் தாளை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள்.

பண்ணினார். பெட்டி அணைந்து எழுந்தது. பாஸ்வேர்டு கேட்காமல் நான்கு வெப்பநிலையும் வரிசையாக வந்து நின்றன.

"இன்னொரு தடவ."

பண்ணினார்.

"கரன்ட்ட புடுங்கிட்டுப் பண்ணுங்க."

தேவசகாயம் குனிந்து மேஜைக்கு அடியில் தவழ்ந்து பிளக்கைப் பிடுங்கினார். எழுந்திருக்காமல், அவள் செருப்புக் கால்களைப் பார்த்தபடி, அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

"போடுங்க" என்றாள் அர்ஃபா.