மீரான் திட்டாத ஆட்டம்

அந்தக் காலத்துப் பினாங்கில், ஃபுட்பால் டீமைப் பழக்குகிறவர் நல்லவரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல ஆட்டம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் எவ்வளவு கத்துகிறார் என்று காது கொடுத்துக் கேட்டால் போதும். நான் பாடாங் மைதானத்து ஓரத்தில் தட்டு நிறைய வறுகடலையும் கச்சாங் பூத்தேயும் வைத்து விற்றவன். ஆட்டம் பார்த்ததைவிட ஆட்டம் பார்க்கிறவர்களைப் பார்த்ததுதான் அதிகம். அதனால் துணிந்து சொல்கிறேன், எங்கள் ஆட்களைப் போல நீதிபதிகள் எந்தக் கோர்ட்டிலும் கிடையாது. சாட்சியே வேண்டாம், தண்டனை கையோடு கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் டீமின் பெயர் கடைத்தெரு யூனியன். ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை எல்லாம் சேர்ந்து சட்டை வாங்கிக் கொடுத்த டீம். சப்பாத்துக்குக் காசு சேரவில்லை, வெறுங்காலோடுதான் ஆடுவார்கள். முதலில் பையன்களைப் பழக்க வந்தவர் ஆபீஸில் கணக்கு எழுதுகிற ஒரு கிராணி. குடையும் கையுமாக நின்று, ஒவ்வொருவனையும் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாக விளக்குவார். பாதி ஆட்டத்துக்கு மேல் ஜெயித்தும் கொடுத்தார். ஆனால் எங்களுக்குப் பிடிக்கவில்லை. "இவருக்கு டீம் மேல பாசமே இல்ல லா, ஒரு சத்தம் கூட வரல" என்று ஒரே வருஷத்தில் அனுப்பிவிட்டோம்.

அதன்பின் வந்தவர்தான் செய்யது மீரான். டிராம் வண்டியில் கண்டக்டர். படகுத்துறை ஜெட்டியில் நின்று, வண்டி போகிற ஊர்ப் பெயரை ஆயர் ஈத்தாம் என்று கூவினால் டிக்கட் வாங்காதவனும் பையைத் தடவுவான். அந்தத் தொண்டையை அப்படியே பாடாங்குக்குக் கொண்டுவந்தார். "ஏலே எருமை! பந்து உன் முன்னால போவுது, நீ சாமி கும்பிட்டுக்கிட்டு நிக்கிறியா?" என்பார். அவர் திட்டியதில் பாதியை இங்கே எழுத முடியாது. அப்பன், பாட்டன், ஊர், கால், கண் ஒன்றையும் விடமாட்டார். கூட்டம் சிரித்து உருளும். எதிர் டீமின் ஆட்கள்கூட அவர் பக்கம் வந்து நின்று கேட்பார்கள். ஜவுளிக்கடை முருகப்பன், எங்கள் கூட்டத்துக்கெல்லாம் தலைவர், "இந்த மனுஷன் உசிர விட்டு டீம் நடத்துறான்யா" என்று மார்தட்டுவார்.

வீட்டில் அவர் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நான் பக்கத்து வீட்டில் குடியிருந்தேன், எனக்குத் தெரியும். அங்கேயும் அதே தொண்டைதான். சோறு குழைந்தால் ஒரு சத்தம், குழையாவிட்டால் ஒரு சத்தம். அவர் மனைவி ஆசியா பீவி பதில் பேசவே மாட்டார். நோன்பு மாதம் தொடங்கிய முதல் நாள் மாலை மட்டும், கஞ்சியில் உப்புக் குறைவு என்று அவர் குதித்தபோது, அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்: "பகல் பூரா பட்டினி கிடந்தீங்க, பகல் பூரா ஏசவும் ஏசினீங்க. நோன்பு உங்க வயித்துக்கு மட்டும்தானா?"

மீரான் கஞ்சியைக் குடிக்காமல் எழுந்துபோனார். மறுநாள் டிராமில் என்னைப் பார்த்ததும், "நல்லமுத்து, இந்த மாசம் முழுக்க நான் யாரையும் ஏசப்போறதில்ல. நோன்பு நேரத்துல கோவத்த அடக்கணும்னு சின்ன வயசுலயே ஓதிக்கொடுத்தாங்க, மறந்துட்டேன்" என்றார். "வெளிய சொல்லாதே. நோன்ப தமுக்கடிச்சு வைக்கக்கூடாது" என்றும் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

சிரிப்பு சீக்கிரமே அடங்கிப்போனது. மழையால் தள்ளிக்கொண்டே போன வியாபாரிகள் கோப்பையின் கடைசி ஆட்டம் சரியாக நோன்பு மாதத்தில் வந்து விழுந்தது. எதிரில் தஞ்சோங் ரேஞ்சர்ஸ். எங்களை இரண்டு தடவை அழவிட்ட டீம். கடைத்தெருவில் பாதிக் கடைக்கு அன்று மத்தியானமே கதவு சாத்திவிட்டார்கள். அக்கரையில் பாகான் பக்கமிருந்து படகேறி ஆட்கள் வந்திருந்தார்கள். பந்தயம் வேறு ஓடியது, அதனால் நெஞ்சு கொஞ்சம் கூடுதலாகவே அடித்தது.

ஆட்டம் தொடங்கியதும் எல்லாரும் பந்தைப் பார்க்கவில்லை, மீரானைத்தான் பார்த்தார்கள். அவர் கோட்டோரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முகம் கறுத்திருந்தது, உதடு காய்ந்திருந்தது. எங்கள் பையன் ஒருவன் லட்டு மாதிரி வந்த பந்தைக் கோட்டைவிட்டான். கூட்டம் மீரான் பக்கம் திரும்பியது. ஒன்றும் வரவில்லை. இன்னொருவன் வழுக்கி விழுந்தான். அதற்கும் ஒன்றும் வரவில்லை. அவர் தாடை அசைவதை நான் பார்த்தேன். வார்த்தை தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. அதை அடக்க அந்த மனுஷன் பட்ட பாடு, பந்தின் பின்னால் ஓடியவர்கள்கூடப் பட்டிருக்க மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ரேஞ்சர்ஸ் கோல் போட்டார்கள். மீரான் கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான்.

"என்னய்யா ஆச்சு இவருக்கு?" என்றார் முருகப்பன்.

"ஒடம்பு சரியில்லையோ என்னமோ" என்று யாரோ சொன்னார்கள்.

"ஒடம்பு இல்ல. ரேஞ்சர்ஸ் செக்ரட்டரி முந்தாநாள் இவர் டிராம்ல ஏறினாரு. கையில என்னமோ குடுத்தாரு, இவரு வாங்கிப் பையில போட்டாரு. என் கண்ணால பாத்தேன்" என்றான் நகைக்கடை ஆள் ஒருவன்.

டிராமில் ஏறினால் கண்டக்டர் கையில் டிக்கட்டுக் காசு கொடுக்காமல் வேறென்ன செய்வார்கள்? அதை நான் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சு ஆள் மாறி ஆள் மாறிப் பாடாங்கைச் சுற்றி வந்தது. திரும்பி என்னிடம் வந்து சேர்ந்தபோது டிக்கட்டுக் காசு ஐம்பது வெள்ளி லஞ்சமாகியிருந்தது.

இடைவேளையில் பழனியப்பன் மீரானிடம் ஓடிவந்தான். செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் அடுத்தாள் என்கிற உதவியாள் வேலை, எங்கள் டீமில் இடதுபக்கம் ஓடுகிறவன். மீரானிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவன் அவன்தான். "அண்ணே, ரெண்டு வார்த்த திட்டுங்கண்ணே. காலே வரமாட்டேங்குது. நீங்க சும்மா நின்னா எனக்குப் பயமா இருக்கு" என்றான். பக்கத்தில் நின்ற எனக்கே பாவமாக இருந்தது.

மீரான் அவன் தோளில் கை வைத்தார். "நீ அடிக்கிற பந்து நேராத்தான் போவுது. ரொம்ப தூரத்துலேருந்து அடிக்கிற. இன்னும் உள்ள வந்து அடி" என்றார். மெதுவாக, கிராணி மாதிரி. பழனியப்பன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

போனவன் என்ன ஆட்டம் ஆடினான் தெரியுமா! அவன் அப்படி ஆடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ரேஞ்சர்ஸ் சப்பாத்துக் காலால் மிதித்தார்கள், விரலில் ரத்தம் வந்தது, எழுந்து எழுந்து ஓடினான். கடைசி நேரத்தில் எல்லாரையும் தாண்டி உள்ளே வந்து அடித்தான். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அதோடு விசில் ஊதிவிட்டார்கள்.

கூட்டம் ஆட்டக்காரர்களிடம் போகவில்லை. நேராக மீரானைச் சுற்றிக்கொண்டது. நான் தட்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன். யாரோ அவர் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு மண்ணாங்கட்டி வந்து அவர் காதோரம் பட்டது.

"எவ்வளவு வாங்கினே? சொல்லு! வித்துட்டுத்தானே வாய மூடிக்கிட்டு நின்னே?" என்றார் முருகப்பன்.

பேசினால் என்ன வரும் என்று மீரானுக்குத் தெரியும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "அவருக்கு நோன்புய்யா! நோன்புல ஏசக்கூடாதுன்னு அடக்கிக்கிட்டு நிக்கிறாரு!" என்று கத்தினேன்.

"நோன்புன்னா சாப்பிடக்கூடாது, தண்ணி குடிக்கக்கூடாது. வாய்க்கு என்னய்யா நோன்பு? இதோ அப்துல் அஜீஸ் பாய்க்கும் நோன்புதானே? அவரு தொண்ட கிழியக் கத்தலியா?" என்றார் முருகப்பன்.

எல்லாரும் சாப்பாட்டுக்கடை அப்துல் அஜீஸைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் ஆட்டம் முழுக்க ரெஃப்ரியின் அம்மாவையும் அக்காவையும் இழுத்துப் பேசிய வாயால், நோன்பில் ஏசக்கூடாது என்று எப்படிச் சொல்வார்? குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மற்றப் பாய்மார்களும் அப்படியே நின்றார்கள். முருகப்பனுக்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

"நாளைக்கு டிராம் ஆபீஸ்ல போய்ச் சொல்றோம். லஞ்சம் வாங்கற ஆளு டிராம் காசுப் பையத் தொடக்கூடாது" என்று இன்னொருவன் கத்தினான். வேலையும் போய்விடும், தெருவில் நடமாடவும் முடியாது. மீரான் முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

அப்போதுதான் கோட்டையில் வெடி போட்டார்கள். நோன்பு திறக்கிற நேரம். காலரைப் பிடித்த கை தானாக விட்டது. அப்துல் அஜீஸ் அவசர அவசரமாக மடியிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து மீரான் கையில் வைத்தார், யாரோ தகரக் குவளையில் தண்ணீர் நீட்டினார்கள். மீரான் பிஸ்மி சொல்லிப் பழத்தைத் தின்று தண்ணீரைக் குடித்தார். கூட்டம் முழுக்க அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

முருகப்பன் லேசுப்பட்டவர் அல்ல. பழனியப்பனைக் கழுத்தைப் பிடித்து இழுத்துவந்து மீரான் எதிரில் நிறுத்தினார். "நோன்பு திறந்தாச்சுல்ல? இப்ப என்ன தடை? கோப்பையக் கோட்டைவிட்டவன் இதோ நிக்கிறான். நீ விக்கலன்னா, பழைய மீரானா இருந்தா, இவன இப்பத் திட்டு பாப்போம்!" என்றார்.

பழனியப்பன் காலில் ரத்தத்தோடு நின்றான். "திட்டிடுங்கண்ணே. இல்லாட்டி உங்கள விடமாட்டாங்க" என்று மெல்லச் சொன்னான்.

மீரான் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

பிறகு வந்தது பாருங்கள், அந்தச் சத்தம்! ஜெட்டி வரைக்கும் கேட்டிருக்கும். பழனியப்பனின் அப்பனில் ஆரம்பித்துக் கம்பத்தில் பட்ட அந்தப் பந்து வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. கூட்டம் முதலில் திகைத்தது, அப்புறம் சிரித்தது, அப்புறம் கைதட்டியது. "நம்ம மீரான்டா!" என்று முருகப்பனே ஓடிவந்து கட்டிக்கொண்டார், அவர் கண்ணில் தண்ணீர். நகைக்கடை ஆள், தான் டிராமில் பார்த்தது வேறு யாரையோ என்று சத்தியம் செய்தான். நாலு பேர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பாடாங்கைச் சுற்றினார்கள். தோற்ற டீமின் ஆளை அப்படித் தூக்கியதைப் பார்த்து ரேஞ்சர்ஸ் ஆட்கள், தாங்கள்தான் தோற்றோமோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவருக்கு முடியாமல் போகும்வரை டீம் அவர் கையில்தான் இருந்தது. மீரானைப் போல டீம் மேல் பாசம் வைத்தவர் யாருமில்லை என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது.

தோளிலிருந்து இறங்கியபின் அவரும் நானும் சூலியாத் தெரு வழியாக வீட்டுக்கு நடந்தோம். நான் சந்தோஷத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். "தப்பிச்சீங்கண்ணே. நல்ல நேரத்துல வாயத் தொறந்தீங்க" என்றேன்.

மீரான் நின்றுவிட்டார். அவர் அழுகிறார் என்று அப்போதுதான் பார்த்தேன்.

"அந்தப் பையன் எவ்வளவு நல்லா ஆடினான் நல்லமுத்து" என்றார். "அதச் சொல்லத்தான்யா நான் வாயத் தொறந்தேன்."