பந்தங்கள் வந்த படம்

மழையில் நனைந்த கம்பளியை மருமகள் நேற்று அடுப்பருகே உலர்த்தினாள். அந்த வாடை பட்டதும், ஜெகதளா பக்கம் இன்று கார் நிறுத்துமிடமாகிவிட்ட தகரக் கொட்டகை மனதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஞாயிறு மதியங்களில் அதன் ஒன்பது சன்னல்களையும் கம்பளியால் மூடிவிட்டு அப்பா பழைய ஆங்கிலப் பேய்ப் படங்களை ஓட்டுவார். புரொஜக்டரின் கடகடப்பிலும் தகரத்தில் விழும் மழையிலும் வசனம் கேட்காது; கேட்டாலும் பதினான்கு பெஞ்சில் ஒருவருக்கும் புரியாது. செத்தவன் எழுந்து நடப்பதும், துணி சுற்றிய கை சவப்பெட்டியிலிருந்து நீள்வதுமே எங்களுக்குப் போதுமாயிருந்தன.

சிலோனிலிருந்து திரும்பி, எஸ்டேட்டில் புதிதாகச் சேர்ந்திருந்த மாரியாயி அக்கா ஒருநாள் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார். பேய் வந்தபோதெல்லாம் சிரித்தவர், அதைக் கொளுத்தத் திரையில் ஊரார் தீப்பந்தங்களோடு மலையேறியதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

“பேயப் பாத்துச் சிரிச்சவங்க, மனுசனப் பாத்து ஓடறாங்க பாருங்க” என்று யாரோ சொல்ல, கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

“போய்க் கூட்டிட்டு வாடா” என்றார் அப்பா.

அக்கா மழையில் நின்று பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து முறை எண்ணினார்.

“வாங்கக்கா, அது படந்தானுங்க. ரெண்டு பேரும் இருக்காங்களே.”

“சிலோன்ல எங்க லயத்து வீடுங்களுக்கு இப்படித்தான் பந்தத்தோட வந்தாங்க தம்பி,” என்றார். “அப்ப எனக்கு மூணு பேரு.”

நானும் அவரோடு மழையில் நின்றேன். உள்ளே சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.