டிக்கியில் வைத்த துப்பாக்கி

எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி. அது வெடித்து நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அப்பாவுக்குத் தாம்பரத்தில் ஒரு வங்கிக் கிளையில் காவலர் வேலை கிடைத்தது. சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் உள்ளவரைத்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டதால் அம்மாவின் நான்கு வளையல்கள் துப்பாக்கியாக மாறின.

கீழ்க்கட்டளையில் இரண்டே அறைகள் கொண்ட வாடகை வீடு எங்களுடையது. அந்த இரண்டு அறைக்குள் அப்பா துப்பாக்கியைக் கழற்றி மூன்று இடங்களில் வைத்திருந்தார். குழல் பீரோவில், கட்டை பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டியில், தோட்டாக்கள் சாமி அலமாரிக்குக் கீழே இன்னொரு பூட்டுக்குள். அம்மா தன் நகைகளை அரிசிப் பானையில் வைத்திருந்த வீட்டில் இவ்வளவு பூட்டுகள் இருந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வண்டியில் எடுத்துப்போகும்போதும் அப்படித்தான். கழற்றி, சுற்றி, பூட்டி வைக்க வேண்டும். தோட்டா தனியாக அவர் மடியில் இருக்கும். துப்பாக்கி இருக்கிற வண்டியை ஆளில்லாமல் விடக் கூடாது. அப்பா அதிகம் பேசாதவர். பேசிய கொஞ்சத்தில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அந்த வாரங்களில் அப்பா வங்கி வாசலில் வெறும் தடியோடு நிற்பார். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்படி ஒரு தேர்தல் முடிந்து, துப்பாக்கியை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அது கூடுவாஞ்சேரியில் பெரியம்மாவின் பேத்திக்குக் காது குத்துகிற நாளாக அமைந்துவிட்டது.

அப்பா துப்பாக்கியை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, பிறகு பஸ்ஸில் வருவதாகத்தான் சொன்னார். அம்மா விடவில்லை. வீட்டு ஆம்பளை இல்லாமல் சீர்த்தட்டோடு போய் நிற்பதா என்றாள். டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, அன்றைக்கு முதலாளியிடம் கேட்டு வெள்ளை அம்பாசிடரைக் கொண்டுவந்திருந்தார்.

"டிக்கில போட்டுப் பூட்டிடலாம் மச்சான். யார் வந்து எடுத்துடப் போறா?" என்றார் மாமா.

தாம்பரம் காவல் நிலையத்து வாசலில் அப்பா துப்பாக்கியைக் கழற்றி, கான்வாஸ் பையில் சுற்றி, டிக்கியில் சீர்த்தட்டுகளுக்குப் பின்னால் வைத்தார். பூட்டிவிட்டுக் கைப்பிடியை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். தோட்டாக்கள் இருந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார்.

பெருங்களத்தூரில் முகூர்த்த நாள் நெரிசல். வண்டிகள் நகரவே இல்லை. வெயிலில் நின்று நின்று எங்கள் காரின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. மாமா வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பிளாஸ்டிக் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். சாவியை அப்பா உருவி வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தம்பி அம்மாவின் மடியில் வாந்தி எடுத்தான். இரண்டு வயது. கண் சொருகியது. அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கக் கடையில் சோடா வாங்க ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கிவிட்டாள். ஒரு லாரி ஹாரன் அடித்தபடி அவளை உரசுகிற மாதிரி போனது.

அப்பா இறங்கினார். டிக்கியைப் பார்த்தார். ரோட்டின் நடுவில் தடுமாறிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"மாமா வந்தா குடு. வேற யார் கேட்டாலும் குடுக்காத. இதோ வந்துட்டேன்."

அவர் போய் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தோளில் கோணிப்பை போட்ட ஒருவன் ஜன்னலருகே குனிந்தான். சிரித்த முகம்.

"பாப்பா, டிரைவர் அண்ணன் அனுப்ச்சாரு. டிக்கில இன்னொரு கேன் கீதாமே. சாவி குடு, தண்ணி புடிச்சுகினு வந்துடறேன்."

"யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு அப்பா சொன்னாங்க."

"உங்கப்பாதான் சொன்னாரு, பாப்பா கைல சாவி கீதுன்னு. இல்லாங்காட்டி எனக்கு எப்டித் தெரியும்?"

அது எனக்கு நியாயமாகப் பட்டது. கொடுத்தேன். பின்கண்ணாடியை மறைத்துக்கொண்டு டிக்கி திறந்தது. பிறகு மூடியது. அவன் திரும்பி வந்து சாவியை என்னிடமே நீட்டினான்.

"கேன் இல்ல பாப்பா. பத்திரமா வெச்சுக்க."

கோணிப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் நடந்து போனான். சாவி திரும்பி வந்துவிட்டதால் எதுவும் நடக்கவில்லை என்றே நினைத்தேன். அப்பா அம்மாவையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு வந்தார். டிக்கியின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். பூட்டியே இருந்தது. அவன் அதைப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தான்.

மாமா தண்ணீரோடு வந்து வண்டியைக் கிளப்பினார். கூடுவாஞ்சேரியில் டிக்கியைத் திறந்தபோது தேங்காய், பழம், புதுத்துணி எல்லாம் வைத்தபடியே இருந்தன. கான்வாஸ் பை மட்டும் இல்லை. அப்பா ஒவ்வொரு தட்டாக எடுத்துத் தரையில் வைத்தார். ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு காரின் பின்னாலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். உள்ளே குழந்தை காது குத்தும் வலியில் அலறிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"பெருங்களத்தூர்ல யாராச்சும் வந்தாங்களா பாப்பா?"

"இல்லப்பா."

ஒரே ஒரு தடவைதான் கேட்டார். என் முகத்தை மட்டும் நெடுநேரம் பார்த்தார். காவல் நிலையத்துக்குப் போக மாமா வண்டியைத் திருப்பியதும் நானும் ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறினேன். அப்பா என்னைத் தூக்கிக் கீழே இறக்கினார்.

"நீ வேணாம். நீ போய்ச் சாப்பிடு."

நான் சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன் என்று பெரியம்மா பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அப்பாவும் மாமாவும் மறுநாள் மதியம்தான் வீட்டுக்கு வந்தார்கள். மாமாவின் சட்டைக் காலர் கிழிந்திருந்தது. சமையலறையில் அம்மாவிடம் அவர் சொன்னதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன்.

"சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னுதான் மொதல்ல கேட்டாங்கக்கா. வண்டி ஓட்டுனது நான், சாவி என்னுது. என்னைப் புடிச்சு இழுத்துட்டாங்க. மச்சான் நடுவுல பூந்து, 'சாவி யார்கிட்ட இருந்தா என்ன சார், நான் டிக்கிய பூட்டவே இல்ல, மறந்துட்டேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு. ரெண்டு வாட்டி ஆட்டிப் பாத்தாருக்கா. என் கண்ணால பாத்தேன்."

அம்மா வாயில் புடவையைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கோ உடம்பிலிருந்து ஏதோ இறங்கியது மாதிரி இருந்தது. டிக்கி பூட்டவே இல்லையென்றால், நான் சாவி கொடுக்காவிட்டாலும் அவன் எடுத்திருப்பான். அப்பாவே எழுதிக் கொடுத்துவிட்டார். அப்படியானால் தப்பு என்னுடையது இல்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

லைசென்ஸ் ரத்தானது. அஜாக்கிரதைக்காக வழக்கு நடந்தது. வங்கி வேலை போயிற்று. அப்பா திருமுடிவாக்கத்தில் ஒரு இரும்பு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு வாட்ச்மேனாகப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெருங்களத்தூருக்குப் போய், வண்டி நின்ற இடத்தில் நின்று போகிற வருகிறவர்களைப் பார்த்துவிட்டு வருவார். யாரைத் தேடுகிறார் என்று அம்மா கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆளின் அடையாளம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னிடம் அவர் கேட்கவே இல்லை. "தோட்டா எங்கிட்டதான் இருக்கு" என்று மட்டும் எப்போதாவது சொல்வார். எங்களுக்குச் சொல்கிறாரா, தனக்குச் சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாது.

மூன்றாவது வருடம் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். துப்பாக்கி கிடைத்துவிட்டது, அடையாளம் காட்ட வர வேண்டும் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போனது கிடைத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், அப்பா மறுபடி வங்கி வாசலில் நிற்பார் என்று நினைத்தேன்.

அப்பா சாயங்காலம் திரும்பினார். சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குழல அறுத்து வெச்சிருக்கானுங்க. நம்பர் நம்மளதுதான்."

அம்மா சொம்பை அவர் கையில் கொடுத்தாள்.

"வண்டலூர் தாண்டி வயல மனையா போட்டாங்களே, அங்க தகராறு. காவலுக்கு இருந்தவன் வழிய விடலன்னு சுட்டுட்டாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே போயிட்டான்." தண்ணீரைக் குடிக்காமல் தரையில் வைத்தார். "என்னை மாதிரிதான். சம்பளத்துக்கு நின்னவன். அவன் பொண்ணு ஸ்டேஷன் வாசல்ல நின்னுச்சு. நம்ம பாப்பா உசரம்."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கதவருகே நின்றிருந்தேன். பன்னிரண்டு வயது. அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, அன்னிக்கு ஒருத்தன் வந்தான். நான்தான் சாவிய..."

"தம்பிக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் குடுத்தியா?" என்றார்.

"அப்பா, சாவிய நான்தான்..."

"போ. போய்ச் சொல்லிக் குடு. அழிச்சு அழிச்சு எழுதிட்டிருக்கான் பாரு."

குரல் உயரவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பட்டறையில் நாளெல்லாம் இரும்பு அடிக்கிற சத்தத்தில் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். ஆனாலும் நான் சொல்லியாகிவிட்டது. அடியும் விழவில்லை. தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்து எழுத வைத்தேன்.

அப்பாவுக்குக் காது கடைசிவரை நன்றாகவே கேட்டது. செத்துப்போன ஒரு மனிதனைத் தன் மகள் வாழ்நாளெல்லாம் சுமக்க வேண்டாமென்றுதான் என் வாக்கியத்தை அவர் முடிக்கவிடவில்லை என்பது தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. அன்றைக்கு அவர் குனிந்த தலையைப் பார்த்து, இவ்வளவு பக்கத்தில் சொன்னதுகூடக் கேட்கவில்லையே, பாவம் அப்பா என்றுதான் நினைத்தேன்.